திருகோணமலையிலிருந்து காலநிலை போஸ்ட்டொக்: "நமக்குக் கிடைக்காது" என்பவருக்குப் பதில் (இழை தொடர்கிறது)

வாசகர் பதிவு, 2025 ஜனவரி 11

நான் திருகோணமலை உப்புவெளிக்காரன். கிழக்கு மாகாண மழைவீழ்ச்சிப் போக்குகள் பற்றிய என் கலாநிதிப் பட்ட ஆய்வு, இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில், முடியும் கட்டத்தில் இருக்கிறது. ஒரு வருடமாக வெளிநாட்டு போஸ்ட்டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) இடங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்புக் கடிதம்கூட வருவதில்லை. என் முடிவு இதுதான்: வளிமண்டல, காலநிலை விஞ்ஞானத்தில் இந்த இடங்கள் எல்லாம் அங்கேயே படித்தவர்களுக்கென்று பேசி முடிக்கப்பட்டவை. விளம்பரம் வெறும் கண்துடைப்பு. மறுப்பவர்கள் ஆதாரத்துடன் மறுக்கவும்.

ஜனவரி 11, இரவு

உப்புவெளித் தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

ஆளைப் பார்த்து வைத்துவிட்டுப் போடும் விளம்பரங்கள் உண்டு. ஜேர்மனியில் நான் போஸ்ட்டொக்காக இருந்தபோது இரண்டு மேசை தள்ளி அப்படி ஒன்று எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பொதுப் பணத்தில் ஓடும் நிறுவனம் விளம்பரம் செய்தே ஆக வேண்டும். ஆளோ பக்கத்து அறையில் இருக்கிறார். இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. அவகாசம் மிகக் குறுகியதாக இருக்கும். தகுதிப் பட்டியலில் இன்ன காலநிலை மாதிரியின் (வளிமண்டலத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரல்) இன்ன பதிப்பில், முகிலுக்குள் பனித்துகள் உருவாகும் பகுதியைத் திருத்திய அனுபவம் வேண்டும் என்று இருக்கும். உலகத்தில் நான்கைந்து பேருக்கு அந்த அனுபவம் இருக்கலாம். அவர்களில் ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அதைக் கடந்து போய்விடுங்கள்.

மற்றவை உண்மையான இடங்கள். அவற்றிலிருந்தும் உங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் வேறு. இங்கே மின்சாரம் போய்ப்போய் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 12

போஸ்ட்டொக் படிப்பு அல்ல, வேலை. இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளாதவரை மற்ற ஆலோசனைகள் எல்லாம் வீண்.

நம் ஆட்கள் இதைப் புலமைப்பரிசில் என்று நினைத்து விண்ணப்பிக்கிறார்கள். மேற்பார்வையாளருக்கு உதவியாகச் சில விண்ணப்பங்களை நான் வாசித்திருக்கிறேன். நம் பக்கத்திலிருந்து வந்த ஒன்றில் சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை மாணவத் தலைவர் பதவி, பேச்சுப் போட்டிப் பரிசு எல்லாம் இருந்தன. என்ன நிரல் எழுதத் தெரியும் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புலமைப்பரிசில் கேட்பவர் தன் தகுதியை நிரூபிக்கிறார். வேலை கேட்பவர் அடுத்தவருடைய பிரச்சினையைத் தீர்க்க முன்வருகிறார்.

அந்த இடம் எப்படிப் பிறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பேராசிரியை மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் பெறுகிறார். எந்த மாதத்தில் எந்த வேலை முடிந்திருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். இடைக்கால அறிக்கைக்கு முன்னர் முடிவுகள் கையில் இருக்க வேண்டும். தெரிவுக் கூட்டத்தில் அவர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: இந்த மனிதர் வந்து இறங்கி ஆறு மாதத்தில் எதைக் கையில் தருவார்? உங்கள் கடிதம் அதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் பதில் கடிதம் வராது. அதில் நிறமும் இல்லை, நாடும் இல்லை. (சில இடங்களில் நாடு இருக்கிறது.)

ஜனவரி 12, பின்னேரம்

மேலே எழுதியது ஒரு வகைக்குத்தான் பொருந்தும் என்று கிண்ணியா வாசகர் ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். இன்னொரு வகை, உங்கள் சொந்த ஆய்வுத் திட்டத்தை எழுதி உங்கள் பெயருக்கே பணம் பெறுவது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டொக் நிதி இதில் பெரியது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டம் கையில் இருக்க வேண்டும், பெற்று எட்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். போகப்போகும் நாட்டில், இறுதித் திகதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. உப்புவெளியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை வரம். ஐரோப்பாவில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர் அதே நாட்டில் ஒட்டிக்கொள்ள முடியாமல் தவிப்பார். நீங்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

ஜேர்மனியின் ஹம்போல்ட் நிதிக்கு இறுதித் திகதியே கிடையாது, வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். வளர்முக நாட்டவர்களுக்கென்று காலநிலைப் பாதுகாப்பு நிதி ஒன்றையும் அதே அறக்கட்டளை தனியாக வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் ரோயல் சொசைட்டியின் நியூட்டன் நிதி. ஜப்பானில் ஜே.எஸ்.பி.எஸ் என்ற அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் நிதி: கலாநிதிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு வருடம், மாதம் 362,000 யென். இதில் விண்ணப்பத்தை அனுப்புவது நீங்கள் அல்ல, அங்குள்ள பேராசிரியர். ஆகவே அங்கே உங்களை அறிந்த ஒருவர் முதலில் வேண்டும்.

எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. அறிந்த ஒருவர்.

ஜனவரி 15

"அறிந்த ஒருவர் வேண்டுமென்றால் சிபாரிசு என்றுதானே பொருள், நான் சொன்னதும் அதுதானே" என்று தம்பி மடக்கியிருக்கிறார். கெட்டிக்காரப் பதில், ஆனால் தவறு. சிபாரிசில் மாமா தேவை. இங்கே தேவைப்படுவது நீங்கள் செய்த ஒரு வரைபடம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். யாருடன் வேலை செய்ய விரும்பினேனோ அவருடைய கட்டுரை ஒன்றை எடுத்தேன். அதில் வங்காள விரிகுடாவில் ஈரப்பதன் நகர்வைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. தரவு இலவசம்: ஐரோப்பிய மத்திய கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வு (பழைய அவதானங்களையும் கணினி மாதிரியையும் இணைத்துக் கட்டிய கடந்தகால வானிலைத் தரவு), 1940 முதல் மணிக்கொரு தரம், கால் பாகை இடைவெளியில். அந்தப் படத்தை என் மடிக்கணினியில் மீண்டும் வரைந்தேன். அவர் நிறுத்திய வருடத்துக்கு அப்பால் நீட்டினேன். ஒரு இடத்தில் போக்கு மாறியது. ஐந்து வரியில் எழுதி, படத்தை இணைத்து அனுப்பினேன். ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. வேலை தருகிறேன் என்றல்ல. "டிசம்பர் மாதத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள்" என்று. பிரித்துப் பார்த்து அனுப்பினேன். இப்படியே பல மாதம் கடிதம் போய் வந்தது. பிறகு அவரிடம் இடம் வந்தபோது, விளம்பரத்தை எனக்கு அனுப்பி "விண்ணப்பியுங்கள்" என்றார். நேர்முகத்தில் இன்னும் மூவர் இருந்தார்கள். கண்துடைப்பு என்று அந்த மூவரும் நினைத்திருக்கக்கூடும்!

தம்பி, உங்கள் மின்னஞ்சல் "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில்" என்று தொடங்குகிறது என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஜனவரி 16

அப்படித்தான் தொடங்குகிறதாம். பந்தயத்தில் வென்ற வடையை நிலாவெளிச் சந்தியில் வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 19

கருவிகள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக முடிக்கிறேன், இதில் சுவையில்லை. லினக்ஸ் கட்டளைத்திரை. பைதான் நிரல்மொழி, அதில் தரவைக் கையாளும் எக்ஸ்அரே என்ற நிரல் தொகுப்பு. ஹம்பர்க் மக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனத்தார் உருவாக்கிய சீ.டீ.ஓ என்ற கருவி, காலநிலைத் தரவு வரும் நெட்சீடிஎப் கோப்புகளை வெட்டி ஒட்ட அதைவிட வேகமானது எதுவுமில்லை. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியை எழுதத் தெரிய வேண்டாம், வாசிக்கத் தெரிய வேண்டும். பெரிய மாதிரிகளின் வயிற்றில் இன்னும் அதுதான் இருக்கிறது. உங்கள் நிரல்களைப் பொதுவெளியில் வைத்து இணைப்பைக் கடிதத்தில் கொடுங்கள். விரிதாளில் போக்குக்கோடு வரைந்து முடித்த ஆய்வுடன் யாரும் உங்களை எடுக்கமாட்டார்கள். கடுமையாக இருக்கிறது, இருக்கட்டும்.

மழைத் தரவுக்கு: வளிமண்டலவியல் திணைக்களத்திடம் விண்ணப்பித்துப் பெறுவது முறை. அது வரும்வரை, உலக வானிலை நிறுவனத்தின் இலக்கம் 43418, அதுதான் நம் திருகோணமலை நிலையம். அந்த இலக்கத்தைக் கொண்டு சர்வதேசத் தரவுக் களஞ்சியங்களில் தேடினால் அன்றாட அவதானங்கள் இலவசமாகக் கிடைக்கும். இடைவெளிகள் இருக்கும், குறிப்பாகப் போர்க் காலத்தில். செய்மதி கலந்த சிர்ப்ஸ் தரவு 1981 முதல் 0.05 பாகையில் இருக்கிறது.

ஜனவரி 20

நேற்றைய குறிப்பு சமையல் பொருள் பட்டியல் மாதிரி இருக்கிறது. எதைச் சமைப்பது?

கச்சான் காற்று. திருகோணமலை, மட்டக்களப்புக்காரர் எல்லோருக்கும் தெரிந்த எதிரி. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவக்காற்று மலையகத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. மட்டக்களப்பில் கடற்காற்றையே தள்ளிவிட்டு வெப்பநிலையை 38 பாகை செல்சியஸ் வரை கொண்டுபோகும். வானிலை அகராதியிலேயே அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது. அல்ப்ஸ் மலையில் இதேபோல் இறங்கிச் சூடாகும் ‘போன்’ என்ற காற்றுக்கு நூலகம் நிறைய ஆய்வு. நம் கச்சானுக்கு? தேடிப் பாருங்கள், சிரமமில்லாமல் ஒரு பின்னேரத்தில் வாசித்து முடித்துவிடலாம்.

அதைவிடச் சுவாரசியம், ஈ.ஆர்.ஏ.5 தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால 2,524 மீற்றர். அந்த அளவுக் கட்டத்துக்குள் நம் மலையகம் தட்டையாகிவிடுகிறது. மலை தட்டையானால் இறங்கும் காற்றும் மெலிந்துவிடும். ஆகவே இந்தத் தரவு கச்சானை எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது? டபிள்யூ.ஆர்.எப் என்ற வானிலை மாதிரியை மூன்று கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டி, நிலைய அவதானத்துடன் ஒப்பிட்டால் ஒரு கட்டுரை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

ஜனவரி 23

மூன்று நாள் யோசித்தபின் மேலுள்ளதற்கு ஒரு கடிவாளம் போடுகிறேன். "எங்கள் ஊர்க் காற்று" என்று எழுதினால் நீங்கள் பிராந்திய ஆளாகச் சுருங்கிவிடுவீர்கள். அல்ப்ஸ் நகரமான இன்ஸ்புறுக்கில் இருப்பவருக்குத் திருகோணமலை மேல் அக்கறை வர வேண்டிய கட்டாயமில்லை. அவருக்கு அக்கறை, அயனமண்டலத்தில், ஈரமான பருவக்காற்றில், சிறிய தீவில் ‘போன்’ காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதில். அதே ஆய்வுதான், கேள்வியின் வாசல்தான் வேறு. திருகோணமலை மூன்றாம் பந்தியில் வரட்டும்.

இன்னொன்று. "இலங்கை காலநிலை மாற்றத்தால் மிகவும் பாதிக்கப்படும் நாடு" என்று தொடங்கும் விண்ணப்பம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறார்கள். பங்களாதேஷ், மொசாம்பிக், பிஜி எல்லாமே அப்படித்தான் தொடங்குகின்றன.

ஜனவரி 27

மூதூர் வாசகியின் கேள்வி இந்த இழையிலேயே முக்கியமானது. அப்படியே தருகிறேன்: "தமிழ்ப் பகுதிப் பல்கலைக்கழகங்களில் காலநிலையைப் புவியியல் துறையில், கலைப்பீடத்தில்தான் படிக்கிறோம். உயர்தரத்தில் கணிதம் இல்லை. நீங்கள் சொல்லும் உலகத்துக்குள் எங்களுக்கு இடமுண்டா?"

தங்கச்சி, நேராகச் சொல்கிறேன். வளிமண்டல இயக்கவியல் பக்கம் கதவு மிகக் குறுகியது. காற்றும் நீரும் அசைவதைச் சொல்லும் நவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தெரியாமல் மாதிரி உருவாக்கும் குழுவுக்குள் போனால் முதல் மாதமே மூச்சு முட்டும். ஆனால் காலநிலை ஆய்வு அது மட்டுமல்ல. மழைக்கும் டெங்குக்கும் உள்ள தொடர்பு, நீர் முகாமைத்துவம், பருவகால முன்னறிவிப்பை விவசாயி எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது, வெள்ள இடர். இவற்றில் போஸ்ட்டொக் இடங்கள் ஏராளம், அங்கே புவியியல் படித்தவர் பலவீனமானவர் அல்லர். புள்ளிவிபரவியலை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அது கணிதம் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், ஆனால் முப்பது வயதிலும் கற்கலாம்.

வெளிநாடு போகாமலே ஒரு வழியும் இருக்கிறது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வந்து வேலை செய்யும் இடம். திருகோணமலை பஸ் நிலையத்தில் கொழும்பு போகும் 49ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போகக்கூடிய தூரம். நம்மவர் அதை விட்டுவிட்டு நோர்வேக்கு எழுதுகிறார்கள்.

இத்தாலியின் திரியெஸ்தேயில், அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையமும் இருக்கிறது. வளர்முக நாட்டு விஞ்ஞானிகளுக்காகவே தொடங்கப்பட்டது. ரெக்சீஎம் என்ற பிராந்தியக் காலநிலை மாதிரியை வளர்ப்பது அங்குள்ள புவித் தொகுதிப் பிரிவு. அவர்களுடைய பயிற்சிப் பட்டறைகளுக்குப் பயண உதவியுடன் போகலாம். என்னுடைய முதல் வெளிநாட்டுத் தொடர்பு அப்படி வந்ததுதான். பட்டறையில் கற்றதைவிட, மதிய உணவு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருடன் பேசியது பயன்பட்டது.

பெப்ரவரி 14

மேரி கியூரி 2024 முடிவுகள் வந்துவிட்டன. 10,360 விண்ணப்பங்கள், 1,696 பேருக்குக் கிடைத்திருக்கிறது. நூற்றுக்குப் பதினாறு. தம்பி "பார்த்தீர்களா" என்பார், பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நம் நாட்டில் மருத்துவ பீடத்துக்குப் போட்டியிட்டவர்கள் இந்த விகிதத்தைக் கண்டு பயப்படக் கூடாது.

கவனிக்க வேண்டியவை வேறு. 85 புள்ளிக்கு மேல் பெற்றும் பணம் கிடைக்காதவருக்கு ஒரு தரச் சான்று கொடுக்கிறார்கள். சில நாடுகள் அந்தச் சான்றை வைத்தே தங்கள் பணத்தில் ஆளை எடுக்கின்றன. அதோடு, போர்த்துக்கல், கிரேக்கம், செக், போலந்து, குரொவேசியா போன்ற நாடுகளில் உள்ள நிறுவனத்துடன் விண்ணப்பித்தால், முதல் சுற்றில் தவறினாலும் அதே விண்ணப்பம் ஈ.ஆர்.ஏ நிதி என்ற இரண்டாம் வாய்ப்புக்குப் போகிறது. (மேலே சொன்ன ஈ.ஆர்.ஏ.5க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பியர் சுருக்கப் பெயர்களில் கஞ்சத்தனம் செய்கிறார்கள்.) எல்லோரும் சூரிச்சுக்கும் பாரிசுக்கும் முண்டியடிக்கும்போது ஏதென்ஸைப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெயிலும் பழகியது.

பெப்ரவரி 15

குடும்பம் பற்றிக் கேட்டவருக்கு: மேரி கியூரியில் குடும்பப் படி தனியாக உண்டு. பிள்ளைப்பேற்று விடுமுறை அந்த எட்டு வருடக் கணக்கில் சேராது, சான்று வைத்திருங்கள். அறிவிக்கும் மாதத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். தொழில்தருநர் செலுத்த வேண்டிய பங்கு, உங்கள் வரி, காப்புறுதி எல்லாம் அதற்குள்ளிருந்துதான் போகும். ஜேர்மனியில் சாதாரண போஸ்ட்டொக் சம்பளம் ஈ13 என்ற அரசாங்கப் படிநிலை. தனியாள் என்றால் சம்பளத்தில் போகும் கழிவுகளைக் கண்டு கண் கலங்கும்.

ஒரு உபகதை. அங்கே போய் வதிவிடப் பதிவு செய்யும் படிவத்தில் சமயம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்னுடன் இருந்த திருகோணமலைக் கத்தோலிக்க நண்பர் பெருமையாக நிரப்பினார். முதல் சம்பளச் சீட்டில் தேவாலய வரி! வருமான வரியில் நூற்றுக்கு ஒன்பது. நான் கோணேசர் அடியான் என்று எழுதினேன், ஒரு சதமும் பிடிக்கவில்லை. அவர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மார்ச் 2

இரண்டு செய்திகள், இரண்டும் இந்த இழைக்குப் பொருந்தும்.

ஒன்று, அமெரிக்கா. பெப்ரவரி இறுதியில் நோவா என்ற அவர்களுடைய சமுத்திர, வளிமண்டல நிர்வாகத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போல்டரில் உள்ள என்கார் என்ற வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் இரண்டு வருட போஸ்ட்டொக்கும், நோவா பணத்தில் நடக்கும் காலநிலை, உலக மாற்றம் போஸ்ட்டொக்கும் நம் துறையின் சிறந்த இடங்கள் என்றுதான் நேற்றுவரை சொல்லியிருப்பேன். இந்த வருடம் அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அங்கிருந்து வெளியே வருபவர்களும் ஐரோப்பிய இடங்களுக்கே வருவார்கள், போட்டி கூடும். ஆகவே ஏதென்ஸ் யோசனையை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு, பெப்ரவரி 25 அன்று, ஈ.ஆர்.ஏ.5 தரவைத் தரும் அதே ஐரோப்பிய மையம் ஏ.ஐ.எப்.எஸ் என்ற செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பை நாளாந்தச் சேவையில் இறக்கிவிட்டது. வாசகர் ஒருவர் உடனே "இனி வானிலை ஆய்வாளரே தேவையில்லை, போஸ்ட்டொக்கும் இல்லை" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

தலைகீழ். இந்த வகை மாதிரிகள் பெரும்பாலும் அந்த ஈ.ஆர்.ஏ.5 தரவைக் கற்றுத்தான் வளர்ந்தன. 2023இல் வந்த ஹுவாவேயின் பங்கு வெதர், டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் இரண்டும் அப்படியே. தரவில் மலையகம் தட்டை என்றால் அதைக் கற்ற மாதிரிக்கும் மலையகம் தட்டைதானே? புயலின் பாதையை நன்றாகச் சொல்கின்றன, வலிமையைக் குறைத்துச் சொல்கின்றன. யாராவது உட்கார்ந்து சோதிக்க வேண்டும். சோதிக்க மீகணினி தேவையில்லை என்பதுதான் புதுமை. இவற்றில் பலவற்றின் நிரல் திறந்திருக்கிறது. கணினியில் நல்ல வரைகலைச் செயலி (ஜி.பீ.யூ) ஒன்றிருந்தால் பத்து நாள் முன்னறிவிப்பு சில நிமிடத்தில் முடிகிறது. என் காலத்தில் ஒரு வாரம் வரிசையில் காத்திருந்து ஓட்டினோம். இப்போது வரும் விளம்பரங்களில் பாதியில் இயந்திரக் கற்றல் என்ற சொல் இருக்கிறது.

மார்ச் 3

எந்தப் புயலைச் சோதிப்பது என்று கேட்பதற்குத் திருகோணமலைக்காரருக்கு வெட்கமாக இல்லையா?

2000 டிசம்பர் 26, நம் தலைமேல் ஏறியது. 2020 டிசம்பர் 2 இரவு, புரேவி, நகரத்துக்கு வடக்கே கரையேறியது. 1964 டிசம்பர், தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் போனது. பிறகு 2024 நவம்பரில் பெங்கல்: நம் கரையோரமாகவே ஊர்ந்து, கிழக்கு மாகாணத்தை வெள்ளக்காடாக்கி, சூறாவளியாகும் ஆகும் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல ஆகாமல் இழுத்தடித்து, 29ஆம் திகதிதான் பெயர் பெற்றது, மறுநாள் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏன் அந்தத் தாமதம்? கரைக்கு நெருக்கமாக நகர்ந்ததா, உலர்ந்த காற்று புகுந்ததா, மேலடுக்கில் காற்று வெட்டியதா? எந்த மாதிரி அந்தத் தாமதத்தை எத்தனை நாள் முன்பே பிடித்தது? தரவு எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது. நான் வேலை கொடுக்கும் நிலையில் இருந்தால் இந்தக் கேள்வியுடன் வருபவரை அன்றே நேர்முகத்துக்குக் கூப்பிடுவேன்.

கடல் பக்கம் விருப்பமானவர்களுக்கு: இலங்கைக் குவிமாடம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கடலில் குளிர்ந்த ஆழ்நீர் மேலெழும் பெரிய சுழல். 1998இல் வினயச்சந்திரனும் யமகாட்டாவும் எழுதிய கட்டுரை தொடக்கம். அடுத்த வருடம், இந்தியப் பெருங்கடல் இருமுனையை (கடலின் கிழக்கும் மேற்கும் மாறிமாறிச் சூடாவது) கண்டு சொன்ன குழுவிலும் இதே யமகாட்டா இருந்தார். ஜப்பானுக்கு எழுத நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் வாசியுங்கள்.

மார்ச் 20

"இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?"

வரும் என்று தெரியும். அம்மா தனியாக இருந்தார், அது ஒரு காரணம். இரண்டாவது, போஸ்ட்டொக் ஒரு தற்காலிக வேலை. ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு, பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் அப்படித் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்க வேண்டும், இல்லையேல் துறையை விட வேண்டும். நாற்பதை நெருங்கிய, மிகத் திறமையான நண்பர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நகரம் மாறிக்கொண்டிருக்கிறார்கள். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்காகப் போகிறீர்கள், எத்தனை வயதில் நிறுத்திக்கொள்வீர்கள் என்று போகும்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

இங்கே போஸ்ட்டொக் என்று சொன்னால் விளங்குவதில்லை. ஊரில் என்னை "வானிலை ஐயா" என்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர் மூன்று மாதம் முன்பே வந்து நாள் குறித்த திகதியில் மழை பெய்யுமா என்று கேட்கிறார். எல் நினோ வருடத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குச் சாதாரணத்தைவிடக் கூடுதலாக மழை பெய்யும் வாய்ப்பு அதிகம் என்று விளக்கினேன். "அப்போ பந்தல் போடுவதா வேண்டாமா?" என்றார். தம்பலகாமத்து விவசாயி ஒருவர் மட்டும் அதைக் கேட்டுவிட்டுக் கந்தளாய்க் குளத்தில் எப்போது நீர் திறப்பார்கள் என்பதோடு பொருத்தி அரை மணி நேரம் என்னைக் குடைந்தார். நான் சந்தித்த நேர்முகக் குழுக்களில் பாதிக்கு அந்தக் கூர்மை இல்லை.

ஏப்ரல் 16

வருடப்பிறப்பு முடிந்து தம்பி திரும்பி வந்திருக்கிறார். பெங்கலை எடுத்துக்கொண்டாராம். இரண்டு மாதிரிகளின் முன்னறிவிப்பை நிலைய அவதானத்துடன் ஒப்பிட்டு ஒரு படம் இணைத்திருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது. நிறத்தேர்வு கோயில் திருவிழா மாதிரி இருக்கிறது, வானவில்லை விட்டு ஒரே நிறத்தின் சாயல்களில் வரையவும்.

கண்துடைப்பு வாதத்தை அவர் இன்னும் கைவிடவில்லை. "சில விளம்பரங்கள்" என்று சுருக்கியிருக்கிறார். எனக்கு அது போதும்.

மே 4

இந்த வருட (2025) மேரி கியூரி இம்மாதம் 8ஆம் திகதி திறக்கிறது, செப்டெம்பர் 10 மூடும். நான்கு மாதம் இருக்கிறது என்று யாரும் சாய்ந்து உட்கார வேண்டாம். ஓகஸ்ட்டில் ஐரோப்பா முழுவதும் விடுமுறையில் போய்விடும், உங்கள் பேராசிரியர் உட்பட. ஜூன் முடிவதற்குள் யார், எந்த நிறுவனம் என்பது உறுதியாக வேண்டும். பட்டச் சான்று செப்டெம்பருக்குள் கையில் வராது என்றால் தம்பி அடுத்த வருடத்தைக் குறிவைத்து, இப்போது திட்ட வேலைகளுக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும்.

அவர் அனுப்பிய கடித வரைவைப் பார்த்தேன். முதல் பந்தி அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பந்தி முழுவதையும் வெட்டவும். இலங்கையின் பாதிப்பு மறுபடியும் நுழைந்துவிட்டது. படத்தை இணைப்பாகப் போடாமல் கடிதத்துக்குள்ளேயே வையுங்கள். "தங்கள் பொன்னான நேரத்துக்கு" என்ற வரியையும் எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் ஊர் நேரம் ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.